கழுவாத செதில்

எனக்கு மீன் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். மீனை எனக்குத் தெரியவே தெரியாது. பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் முதலில் ஒரு அறிமுகமாவது வேண்டாமா? எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்த ஊர் கல்கத்தா. வந்தவர்கள் அப்படியே டாலிகஞ்சில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தங்கிவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழைவிட வங்காளம் எனக்குச் சரளம். ஆனாலும் மீன் வாசனை படாமலே இருபத்தாறு வயதுவரை ஓட்டிவிட்டேன். சிநேகிதிகளின் கல்யாணங்களில் எனக்கென்று ஒரு மூலையில் பன்னீர் வைத்திருப்பார்கள். பரிமாறுகிறவர்கள், பாவம் இந்தப் பெண்ணுக்கு என்ன உடம்போ என்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் மீன் செதில் வந்து சேர்ந்தது.

ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வேலை, காற்றை இழுத்து மின்சாரம் தரும் பேட்டரி. ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் கரியால் செய்த மின்வாய். மின்சாரம் எடுக்கும்போது அந்தக் கரி வழியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போகும். எரிபொருள் கலத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அதே கரி வழியாக ஆக்சிஜன் வெளியே வரும். போக்குக்கும் வரத்துக்கும் ஒரே வாசல் என்பதால் சாதாரணக் கரி இரண்டு நாளில் அசந்துபோகும். நல்ல கரிக்கு உடம்பெல்லாம் நுண்துளை வேண்டும், கூடவே கொஞ்சம் நைட்ரஜனும் வேண்டும். பிளாட்டினம் மாதிரி விலை கூடிய சரக்கெல்லாம் கூடாது, இந்த ஊர் குப்பையில் கொட்டுகிற பொருளிலிருந்தே அதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் மேடத்தின் பிடிவாதம்.

மேடம் ஐம்பதைத் தாண்டியவர். கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி, ஒருபோதும் உயராத குரல். முதல் சில வருடம் நான் மற்றவர்களின் பேட்டரிகளை அளந்துகொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு வேலை தரும்போது, ஆளுக்கொரு குப்பை என்று ஏற்கெனவே பங்கு பிரித்திருந்தார். இளநீர்க் கூடு ஒருவனுக்கு, டீக்கடைத் தேயிலைச் சக்கை ஒருத்திக்கு. மீதமிருந்தது மீன் செதில். செதிலில் நிறையப் புரதம் இருக்கிறது, புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது, உலையில் போட்டால் அருமையான கரியாகும் என்று விளக்கிவிட்டு, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"நீ சைவமாச்சே, உன்னால முடியுமா? இல்லைன்னா இளநீர்க் கூட்டை உனக்கு மாத்தித் தரேன்."

எனக்கு ஒரு கெட்ட குணம். முடியாது என்ற சொல் தொண்டையைத் தாண்டி வராது. அதுவும் சுற்றிலும் நான்கு வங்காளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போது நிச்சயம் வராது. "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம்" என்றேன்.

கரியாஹாட் சந்தையின் மீன் வரிசைக்கு முதன்முதலாகப் போனது ஒரு மழைக்காலக் காலையில். வரிசையின் கடைசியில் ஒரு மாஷி உட்கார்ந்திருந்தார். அம்மா வயதுப் பெண்களைச் சித்தி என்கிற மாதிரி இங்கே மாஷி என்பார்கள். அவர் மீன் விற்பவர் அல்ல. மற்ற கடைகளில் சின்ன மீன்களை வாங்குகிறவர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரிவாள்மனையில் வைத்துச் செதில் சீவி, துண்டு போட்டுத் தருவார். அவரைச் சுற்றிச் செதில் குவிந்து கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, செதில் வேண்டும் என்றேன்.

"செதிலா? அதை வெச்சு என்னம்மா பண்ணுவே?"

"பேட்டரி பண்ணுவேன் மாஷி."

ஒரு கணம் யோசித்தார். "சரி, பையைப் பிடி" என்றார். கரியாஹாட்டில் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு எதுவும் அதிசயமில்லை போலிருக்கிறது.

ஆய்வகத்தில் செய்முறை எளிது. செதிலை மூன்று முறை காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும், அடுப்புப் பெட்டியில் உலர்த்த வேண்டும், நைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் சுட வேண்டும். வந்த கரியை அமிலத்தில் ஊறவைத்து அலச வேண்டும். நான் பையைத் திறந்தேன். அந்த வாடை என்னைத் தேடி வந்து அடித்தது. இரண்டு கையுறை, அதன்மேல் இன்னொன்று, முகத்தில் இரண்டு முகக்கவசம், இவ்வளவும் மாட்டிக்கொண்டும் அந்த வழவழப்புக்குள் கையை விட முடியவில்லை. ஒருமுறை முயன்றேன், குமட்டிக்கொண்டு ஓடினேன். கடைசியில் பையை அப்படியே தட்டில் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு அடுப்புப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டவில்லை.

பிறகு குறிப்பேட்டை எடுத்தேன். 'கழுவியது' என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் எழுதுவதைப் போல நானும் எழுதினேன்: மூன்று முறை. முதல் முயற்சிதானே, எப்படியும் உருப்படாது, அடுத்த தடவை ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அது உருப்பட்டுத் தொலைத்தது.

அந்தக் கரியை மின்வாயில் பூசிச் செய்த பேட்டரி சார்ஜ் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு வாரம் கழித்தும் கணினித் திரையில் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த மாதிரி விழுந்தன. இளநீர்க்காரன் முகம் சுருங்கிவிட்டது. மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீன் சாப்பிடாத பொண்ணுகிட்ட மீன் பேசியிருக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. அளவீடுகளையெல்லாம் அவரே முன்னின்று முடித்து, கட்டுரை எழுதி, ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார்.

இதழிலிருந்து பதில் வந்தது. முடிவுகள் நன்றாக இருக்கின்றன, ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொன்னால் எப்படி, குறைந்தது இன்னும் மூன்று முறை செய்து காட்டுங்கள், நான்கு மாதம் அவகாசம். நியாயமான கேள்விதான். நான் அப்போது உதவித்தொகையின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே இந்தக் கரிதான். இது போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சைவப் பெண்ணாக இருந்தாலும் நானும் மனுஷிதானே, இதற்குள் கொஞ்சம் பழகியிருந்தேன். இந்தத் தடவை உண்மையாகவே கழுவினேன். மூன்று முறை என்று எழுதிவிட்டு ஐந்து முறை கழுவினேன். செதில்கள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. உலையில் போட்டேன், கரி வந்தது, பேட்டரி செய்தேன். இரண்டாவது நாளே படுத்துவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடி படுத்தது. இன்னும் கவனமாக, ஏழு முறை கழுவிச் செய்தேன். அது ஒரே நாளில் படுத்தது.

மேடம் பதறவில்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம் என்றார். உலையின் வெப்பம் சரியில்லையோ என்று ஆளை வரவழைத்துப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து அதே ஆளை மறுபடி வரவழைத்தார். நைட்ரஜன் சிலிண்டரை மாற்றினார். அளவுக் கருவியின் கம்பிகளையெல்லாம் புதிதாகப் போடச் சொன்னார். நானும் கூடவே நின்று தலையாட்டினேன். முதல் தடவை கழுவவில்லை என்பது எனக்கு மறந்துவிடவில்லை. அதை எடுத்துப் பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அழுக்கு என்றால் அது கெடுக்கும் என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கழுவாததால் நன்றாக வந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒருவேளை அடுப்புப் பெட்டிதான் சதி செய்கிறதோ என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை செதிலை வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டேன். அம்மா துணி உலர்த்த மேலே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னட்டி இது நாத்தம்? குடலைப் புரட்டுது."

"மீன் செதிலும்மா. ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்குன்னா ஆராய்ச்சி பண்ணுத எடத்துல வச்சுக்க வேண்டியதுதானட்டி. இதையா உங்க மேடம் படிக்கச் சொல்லுதாவ? உங்க அப்பா வாரதுக்குள்ள எடு, சொல்லிட்டேன்."

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போன அதே படியில் கீழ்வீட்டு பௌதி ஏறி வந்தாள். அண்ணியைத்தான் இங்கே பௌதி என்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் அதே பெயர்தான். வாடை அவளைத் தேடிக் கூட்டி வந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருடம் கழித்து இந்த மதராசிக் குடும்பத்துக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று முடிவு கட்டியே வந்திருந்தாள். பேட்டரி என்று சொன்னதும் அவளுக்கு ஏமாற்றம். ஆனாலும் விடவில்லை.

"என்ன மீன்?"

"மீன்தான் பௌதி."

"அதான், என்ன மீன்?"

என் குறிப்பேட்டிலும் 'மீன் செதில், கரியாஹாட்' என்றுதான் இருந்தது. அவள் குனிந்து பொறுக்கினாள். இது ருயிக் குஞ்சு, இது காத்லாக் குஞ்சு, இந்தச் சொரசொரப்பானது கோய் என்று சாதம் பிசைகிற சுலபத்தில் பிரித்துப் போட்டாள். "ஒரு மீன் மாதிரி இன்னொரு மீன் இருக்குமா? இதைக்கூடப் பார்க்காம என்னத்தைப் படிக்கறே?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் தடவை கிடைத்தது ஏதோ ஒரு குறிப்பிட்ட மீனாக இருக்க வேண்டும், அதுதான் ரகசியம் என்று நினைத்தேன். இதை மேடம் கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை மாஷியிடம் போய் நின்றேன். மழைக்காலத்தில் முதல்முதலாக வந்தேனே, அன்று என்ன மீன் சீவினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து சீவினதே ஞாபகம் இல்லை. உட்காரு, இன்னைக்கு என்ன வருதுன்னு பாரு."

உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் பையில் உயிரோடு துள்ளும் கோய் மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாஷி பக்கத்திலிருந்த எனாமல் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி சாம்பலை அள்ளினார். மீனைச் சாம்பலில் புரட்டி, இறுகப் பிடித்து, அரிவாள்மனையில் சர்சர்ரென்று சீவினார். செதில்கள் சாம்பலோடு ஈரமாகக் குழைந்து விழுந்தன.

"எதுக்கு மாஷி சாம்பல்?"

"இல்லைன்னா கையில நிக்குமா? வழுக்கிட்டுப் போயிடும். எங்க வீட்டு விறகு அடுப்புச் சாம்பல்தான். சின்ன மீன் எதுவானாலும் இது வேணும்." பிறகு, நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எப்படியும் கழுவிட்டுத்தானே எதுவும் பண்ணுவே?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். கரியில் துளை போடுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிக் கலக்கிற உப்பு அது. சுட்டபின் செய்கிற அமில அலசலில் அது தடயமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் எந்த அளவீட்டிலும் அது தெரியவில்லை. முதல் தடவை என் அருவருப்பினால் சாம்பல் செதிலோடு சேர்ந்தே உலைக்குள் போனது. பிறகு தைரியம் வந்து நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதெல்லாம் அந்தச் சாம்பலைத்தான். ஏழு முறை கழுவியது ஒரே நாளில் படுத்ததில் ஆச்சரியமே இல்லை.

அன்றைக்குக் கொண்டுவந்த செதிலைக் கழுவாமல் சுட்டேன். பேட்டரி ஒரு வாரம் அசையாமல் ஓடியது.

இந்த இடத்தில் நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் போய்ச் சொன்னது வேறு. "சந்தையில சாம்பல் போட்டு மீன் சீவறதைப் பார்த்தேன் மேடம். அதையும் சேர்த்துச் சுட்டுப் பார்க்கலாம்னு தோணுச்சு" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் பொய். மேடம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எல்லோரையும் கூப்பிட்டு, ஆராய்ச்சி என்றால் இப்படிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்க வேண்டும் என்று என்னைக் காட்டிச் சொன்னார். ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வரவழைத்தார். நானும் தின்றேன். இளநீர்க்காரன் கையைக் குலுக்கினான்.

அதோடு முடிந்திருந்தால் இன்றைக்கும் நான் பெரிய கெட்டிக்காரியாகவே உலவிக்கொண்டிருப்பேன். ஆனால் மேடத்தின் மூளை ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தூங்காது. மறுநாள் என் மேஜைக்கு வந்தார்.

"ஒண்ணு இடிக்குது. உன் முதல் மாதிரியை மூணு முறை கழுவியிருக்கே. அதுல சாம்பல் இருந்திருக்க முடியாது. பின்னே அது எப்படி நல்லா வந்தது? அதுக்கு வேற ஏதோ காரணம் இருக்கு. அதை விடக்கூடாது. உலையை முழுசாப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கேன். அளவுக் கருவியையும் வேற ஆய்வகத்துல குடுத்துச் சரிபார்க்கணும்."

சரி மேடம் என்றேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்கம் என்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சொன்னால் ஆய்வேடு என்னாகும் என்று ஒரு பக்கம். அதைவிட, எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிப் பேசிய அந்த முகம் என்னாகும் என்று இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் உலையைப் பிரிக்க ஆள் பையோடு வந்து நின்றபோது, நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மேடம், அவரைப் போகச் சொல்லுங்க. உலையில ஒண்ணும் இல்லை. முதல் தடவை நான் கழுவலை. தொடப் பிடிக்காம அப்படியே போட்டுட்டேன். கழுவினதா எழுதினது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"கழுவலைங்கறது முதல் நாளே தெரியும். அதுதான் காரணம்னு மாஷிகிட்டப் போன அன்னைக்குத் தெரிஞ்சது."

வெளியே உலைக்காரரின் ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு, எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"உலையைச் சந்தேகப்பட்டேன். சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன். கருவியை, நான் எழுதின கணக்கை, எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். இந்த இடத்துல நான் சந்தேகப்படாதது உன் நோட்டு ஒண்ணைத்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். அவர் சமாதானப்படுத்தவில்லை, குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அழிக்காதே, ஒரே ஒரு கோடு போடு, அடியில் உண்மையை எழுது, இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். அவர் எழுந்து போய் உலைக்காரரை அனுப்பிவிட்டு வந்து, இதழாசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எங்கள் செய்முறைக் குறிப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று அவர் தட்டச்சு செய்தபோது, என் பிழை என்று போடுங்கள் மேடம் என்றேன்.

"அது அவங்களுக்கு வேண்டாம். அது நம்ம ரெண்டு பேருக்குள்ள." கடிதத்தை அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே கழுவும்போதும் எடை போடும்போதும் என்னைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வந்தார். வகுப்பிலிருந்தும், பாதிச் சாப்பாட்டிலிருந்தும் எழுந்து வந்தார். நான் தராசில் வைப்பதையும் குறிப்பேட்டில் எழுதுவதையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. சாம்பல் சேர்த்துச் செய்த மூன்று மாதிரிகளும் நன்றாக வந்தன. சாம்பலின் அளவை எடை போட்டுக் கலந்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினோம். கட்டுரை வெளிவந்தது, அத்தியாயமும் பிழைத்தது. மற்றவர்கள் வாழ்த்தினார்கள். எனக்கு மட்டும், குறிப்பேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் இருக்கும் அந்த முதலெழுத்துதான் கண்ணில் படும்.

குளிர்காலம் போய் வெயில் தொடங்கிய ஒரு நாள், புதிய மாதிரிக்குக் கரி எடை போட வேண்டியிருந்தது. வழக்கம்போல அவர் அறை வாசலில் போய் நின்று கூப்பிட்டேன். யாருடைய விடைத்தாளையோ திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நீயே போட்டு எழுதிக்கோ."

திரும்பி வந்து கரியைத் தராசில் வைத்தேன். முதல் தடவை எண்கள் கலங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்து மறுபடி வைத்தேன். நான்கு முறை எடை போட்டேன். நான்கையும் எழுதினேன்.